யாழ்ப்பாணம் செல்லும் வழி

கி.பி. 1344ஆம் ஆண்டில் மாலத்தீவிலிருந்து மஃபர் நாட்டை நோக்கிப் பாய் விரித்த இப்னு பதூதாவின் கப்பல், காற்றின் போக்கால் திசை மாறி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அத்துறை ஆரியச் சக்கரவர்த்திக்கு உரியது. அங்கே ஒதுங்க மாலுமிகள் அஞ்சினர். தாம் மஃபர் ஸுல்தானின் சகலர் என்று சொல்லியனுப்பிவிட்டு, பயணி துணிந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து மன்னர் அப்போது பத்தாலா என்னும் அழகிய சிற்றூரில் தங்கியிருந்தார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கிற்று. முத்துகளைக் கொண்டுவரச் செய்து காட்டினார். மூன்று நாள் விருந்தோம்பினார். பின்னர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து, ஆதம் மலைக்கு அவரை அனுப்பிவைத்தார்.

ஒரு தமிழ் மன்னர் ஒரு முஸ்லிம் பயணிக்குச் செய்த சிறப்பு என்ற அளவில் இந்நிகழ்ச்சியை நம்மவர் பலர் எழுதியிருக்கின்றனர். நான் இதனை நினைவூட்டுவதற்குக் காரணம் வேறு. பத்தாலா என்பது இன்றைய புத்தளம் என்றே அறிஞர்கள் கொள்கின்றனர். 646 ஆண்டுகளுக்குப் பின், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் தம் மண்ணை இழந்து தஞ்சம் புகுந்ததும் அதே புத்தளத்தில்தான்.

யாழ்ப்பாண நகரில் சோனகத் தெருவைச் சூழ்ந்து அவர்கள் வாழ்ந்தனர். வணிகமும் தையலும் இரும்புக் கடையுமாகப் பிழைத்தனர். பிள்ளைகளை உஸ்மானியாக் கல்லூரியில் படிக்க வைத்தனர். வீட்டிலும் கடையிலும் அவர்கள் பேசியது தமிழே. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டபோது, அந்த இழப்பு அவர்களுக்கும் உரியதாயிற்று.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. கிழக்கில் ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்பகுதியில் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. அவற்றில் முஸ்லிம் ஊர்காவற்படையினருக்கும் பங்கிருந்தது. இதனை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஆயினும் கிழக்கில் நடந்த எதற்கும் வடக்கின் முஸ்லிம்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

அக்டோபர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி வைத்து அவர்களை ஒன்றுகூட்டினர். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு நீங்க வேண்டும் என்பது கட்டளை. ரொக்கமும் நகையும் வழியிலேயே பறிக்கப்பட்டன. கையில் விடப்பட்டது சில நூறு ரூபாயே. பெண்களின் காதணிகூடத் தப்பவில்லை. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் இருந்தோர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து இவ்வாறு அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். இவர்களை ‘இடம் பெயர்ந்தோர்’ என்று ஏடுகள் எழுதுகின்றன. தாமாகப் பெயர்ந்தது போன்ற அச்சொல் எனக்கு உடன்பாடன்று, அவர்கள் துரத்தப்பட்டவர்கள்.

அதன்பின் யாழ்ப்பாணம் போவது எவர்க்கும் எளிதாயிருக்கவில்லை. யாழ்தேவி ரயில் அதே 1990இல் நின்றது. ஆனையிறவு வழி அடைபட்ட காலத்தில், எஞ்சியிருந்த தமிழ் மக்கள் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தனர். அங்கே பலர் உயிரிழந்தனர். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தானபின் கண்டி வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. போர் 2009 மே மாதம் முடிந்தது. ரயில் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் எட்டியது 2014 அக்டோபரில்.

அந்த 2002ஆம் ஆண்டின் ஏப்ரலில், கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று புலிகள் சார்பில் அன்டன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டு தாமதித்த சொல்லாயினும் அது வேண்டிய சொல்லே. ஆனால் வழி திறந்ததும் சோனகத் தெருவைக் காணச் சென்றவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும், நிலைக்கதவு பெயர்த்தெடுக்கப்பட்ட வீடுகளையும், செடி மண்டிய முற்றங்களையும்.

மீள்வது அத்துணை நேரான காரியமாகவும் இல்லை. துரத்தப்பட்டபோது கைக்குழந்தையாய் இருந்தவர் புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே மணம் முடித்து, பிள்ளை பெற்றுவிட்டார். நான்கு பிள்ளைகளுக்கு ஒரே சிறு மனை. பத்திரமோ போரில் போயிற்று. யாழ்ப்பாணத்தில் பதிந்தால் புத்தளத்தில் பெயர் நீங்கும். புத்தளத்தில் இருந்தால் யாழ்ப்பாணத்து உதவி கிட்டாது. மூத்தவர்கள் ‘ஊருக்குப் போகிறேன்’ என்று சொன்னால் அது யாழ்ப்பாணத்தையே குறிக்கும். அவர்களுடைய பேரர்கள் அதே சொல்லைச் சொல்லும்போது புத்தளத்தைக் குறிக்கிறார்கள்.

இப்னு பதூதா பத்தாலாவில் மூன்று நாள்தான் விருந்தினர். இவர்கள் அங்கே மூன்றாம் தலைமுறையைக் கண்டுவிட்டனர். புத்தளத்திலிருந்து அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று பஸ்ஸில் போனால் இன்று ஒரே பகலில் யாழ்ப்பாணம் சேர்ந்துவிடலாம். சென்றவர்களிற் பலர் பழைய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அடக்கத்தலத்தில் பெற்றோருக்காகப் பாத்திஹா ஓதிவிட்டு, மாலையில் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கின்றனர்.