லேபரின் இரு நோய்கள்

கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி அதன் உட்புறப் பின்சுவரை நேரே காண உதவும் கருவியை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னர், புறத்தே பழுதின்றித் தோன்றியும் பார்வையிழந்த கண்களுக்கெல்லாம் ஐரோப்பிய மருத்துவர்கள் அமொரோசிஸ் என்ற ஒரே பெயரை வழங்கினர். கிரேக்கத்தில் அதன் பொருள் இருளடைதல். நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணை ஆராய்ந்த மருத்துவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அக்கருவியோடு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஜெர்மானியரான தியோடர் லேபர் (1840–1917). இன்று அவர் பெயரால் இரு நோய்கள் வழங்குகின்றன. 1869-இல் அவர் விவரித்தது, பிறப்பிலேயோ பிறந்த சில மாதங்களிலோ பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய். 1871-இல் விவரித்தது, இளமைவரை நன்கு கண்டவர்க்குச் சில வாரங்களில் நடுப்பார்வை அற்றுப்போகும் பார்வை நரம்பு நோய். மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். முன்னதில் ஒளியை வாங்கும் உயிரணுக்கள் செயலிழக்கின்றன; பின்னதில் வாங்கிய செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் மடிகின்றன.

முதல் நோயைச் சுருக்கமாகவே காண்போம். உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து பிறக்கும் ரெட்டினால் என்னும் மூலக்கூறு விழித்திரையில் வளைந்த நிலையில் இருக்கிறது. ஒளி பட்டதும் அது நிமிர்கிறது; அந்த நிமிர்வே பார்வையின் முதல் அசைவு. இதன் வேதியியலைத் துலக்கிய ஜார்ஜ் வால்ட் 1967-இல் நோபல் பரிசில் பங்குபெற்றார். நிமிர்ந்ததை மீண்டும் வளைக்க ஒரு நொதி வேண்டும். அதனை ஆக்கும் ஆர்பிஇ65 என்னும் மரபணு பழுதுற்றால், ஒளியுணரும் உயிரணுக்கள் இருந்தும் பயனில்லை. இந்நோய்க்குக் காரணமான இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களுள் இதுவும் ஒன்று. இதே குறையுடன் பிறந்த பிரியார்ட் இன நாய்களுக்கு, தீங்கற்ற நச்சுயிரி ஒன்றின் வழியாக நல்ல மரபணுவைச் செலுத்திப் பார்வை மீட்கப்பட்ட செய்தி 2001-இல் வெளியானது. 2008-இல் மனிதரிடம் நடந்த முதற் சோதனைகளின் முடிவுகள் வந்தன. 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் தந்தது. விலையோ ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். அறிவியலின் வெற்றியைப் பேசும் நூல்கள் இந்த எண்ணை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றன. அது வரலாற்றின் நடுப்பகுதியிலேயே இடம்பெற வேண்டியது என்பது நம் கருத்து.

இரண்டாம் நோயே நம்மை நெடுநேரம் நிறுத்துகிறது. இது குடும்பங்களில் தொடர்வதையும் ஆண்மக்களையே மிகுதியாகத் தாக்குவதையும் லேபர் கண்டார். தாய்வழியே வந்து மகன்களைத் தாக்குவதால், எக்ஸ் குரோமோசோமில் உள்ள குறை இது என்று பின்வந்தோர் பலர் எண்ணினர். அவ்வாறாயின் நோயுற்ற தந்தையின் குறை மகளிடம் சென்று, அவள் மகனிடம் வெளிப்பட வேண்டும். அப்படி ஒருபோதும் நேரவில்லை. ஆணோடு நோயின் தொடர் அறுந்தது. பெண்வழியே மட்டும் அது நீண்டது.

விடை உயிரணுவின் கருவுக்கு வெளியே இருந்தது. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவை நாம் இழைமணி என்கிறோம். கிரேக்கச் சொல்லும் இழை, மணி என்னும் இரு பொருள்களால் ஆனதே. நம் கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய பொருத்தம் எப்போதும் வாய்ப்பதில்லை. இழைமணிக்கெனத் தனி மரபுப்பொருள் உண்டு. அது தாயிடமிருந்தே வருகிறது. அதன் 16,569 எழுத்துகளின் வரிசை 1981-இல் வெளியிடப்பட்டது. 1988-இல் டக்ளஸ் வாலஸ் குழுவினர், 11,778-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதே பல குடும்பங்களில் இந்நோய்க்குக் காரணம் எனக் காட்டினர். அம்மாற்றம் ஆற்றல் ஆக்கும் புரதம் ஒன்றைக் குறைப்படுத்துகிறது. நடுப்பார்வைக்குரிய மெல்லிய நரம்பிழைகளே முதலில் வீழ்கின்றன.

ஆயினும் இம்மாற்றத்தைத் தாங்கிய எல்லாரும் பார்வை இழப்பதில்லை. புகைப்பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆண்கள் மிகுதியாகத் தாக்கப்படுவதன் காரணம் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. தாயின் வழி வந்தது என்பதால் தாய்மார் தம்மையே பழிப்பதுண்டு. அவர்களும் அதனைத் தம் தாயரிடமிருந்தே பெற்றனர். அது வாராமல் தடுக்க அவர்களால் இயன்றது ஒன்றுமில்லை.

2015-இல் ஐரோப்பாவில் ஐடிபெனோன் என்னும் மருந்து சிறப்பு ஒப்புதல் பெற்றது. அதன் பயன் அளவானது. மரபணு மருத்துவத்திற்கோ ஒரு தனி இடர் இருந்தது. நச்சுயிரி மரபணுவைக் கருவுக்குள் சேர்க்கும், இழைமணிக்குள் சேர்க்காது. கருவும் இழைமணியும் மரபெழுத்துகளைப் படிக்கும் முறையிலும் சிறு வேற்றுமை உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் மரபணுவைக் கருவின் நடைக்கு மாற்றி எழுதி, உருவாகும் புரதம் இழைமணியைச் சென்றடைய ஒரு முகவரித் துணுக்கையும் சேர்த்தனர்.

அடுத்து நிகழ்ந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. நோயாளியின் ஒரு கண்ணில் மருந்து செலுத்தப்பட்டது. மறு கண்ணில் ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டது. இரு கண்களிலும் பார்வை ஓரளவு மேம்பட்டது! 2020 டிசம்பரில் வெளியான முடிவுகளோடு, குரங்குகளில் ஒரு கண்ணுக்குள் செலுத்திய மருந்தின் மரபுப்பொருள் மறு கண்ணிலும் காணப்பட்ட செய்தியும் இருந்தது. நோயாளிகளுக்கு அது நற்செய்தி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கண் அதனால் இல்லாமற் போயிற்று. மருந்தால் தேறியது எவ்வளவு, தானாகத் தேறியது எவ்வளவு என்று பிரித்துரைப்பது கடினமாயிற்று. ஐரோப்பிய ஒப்புதலுக்கு அளித்த விண்ணப்பத்தை அந்நிறுவனம் 2023-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.