தரவுத்தள மின்னஞ்சல் அறிவிப்பு

தரவுத்தள சர்வரில் பிழை நேரும்போதோ, குறித்த வேலை தோற்கும்போதோ, அதைக் கவனிக்கும் நிர்வாகிக்குச் சர்வரே மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு தரவுத்தள மின்னஞ்சல் அறிவிப்பு எனப்படும். இரவு பேக்கப் நின்றுபோனது, வட்டில் இடம் தீர்ந்தது, தரவுப் பக்கம் பழுதானது போன்ற செய்திகள் இவ்வழியே வருகின்றன. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் இவ்வசதிக்கு ‘டேட்டாபேஸ் மெயில்’ என்று பெயர். இக்கட்டுரை பெரிதும் அதைப் பற்றியது.

வரலாறு

ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பு வழியே மின்னஞ்சல் அனுப்பும் முறையை ரே டாம்லின்சன் 1971இல் உருவாக்கினார். அஞ்சலைக் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். அனுப்புநர் யார், பெறுநர் யார், செய்தி என்ன என்பதைச் சில எளிய கட்டளைகளில் சொல்லிவிடும் நெறிமுறை இது. எந்த மென்பொருளாலும் இதைக் கையாள முடியும்.

எஸ்கியூஎல் சர்வரின் தொடக்ககால வசதியான ‘எஸ்கியூஎல் மெயில்’ இந்த எளிய வழியை எடுக்கவில்லை. அது ‘மாப்பி’ என்னும் இடைமுகத்தை நம்பியிருந்தது. அதனால் அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருளைச் சர்வரிலேயே நிறுவ வேண்டியிருந்தது. சர்வர் இயங்கும் விண்டோஸ் கணக்கின் பெயரில் அஞ்சல் புரொஃபைல் ஒன்றும் தேவைப்பட்டது. அஞ்சல் அனுப்பும் ‘எக்ஸ்பி_சென்ட்மெயில்’ என்னும் செயல்முறை தரவுத்தள சர்வரின் செயலாக்கத்துக்குள்ளேயே ஓடியது. அஞ்சல் பகுதி முடங்கினால் அந்தக் கோளாறு சர்வரையும் தொடும் அளவுக்கு இது பலவீனமான வடிவமைப்பு.

2005 பதிப்பில் டேட்டாபேஸ் மெயில் அறிமுகமாகி இக்குறையைத் தீர்த்தது. அது நேரடியாக எஸ்எம்டிபியைப் பயன்படுத்துகிறது, அவுட்லுக் தேவையில்லை. பழைய வசதி 2012 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆரக்கிளில் யுடிஎல்_எஸ்எம்டிபி, யுடிஎல்_மெயில் ஆகிய தொகுப்புகள் இப்பணியைச் செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் உள்ளமைந்த அஞ்சல் வசதி இல்லை.

இயங்கும் முறை

டேட்டாபேஸ் மெயிலின் ‘எஸ்பி_சென்ட்_டிபிமெயில்’ என்னும் செயல்முறையை அழைத்தால் செய்தி எம்எஸ்டிபி என்னும் அமைப்புத் தரவுத்தளத்தில் பதிவாகி ஒரு வரிசையில் சேரும். அழைத்த நிரல் காத்திராமல் தன் வேலையைத் தொடரும். சர்வருக்கு வெளியே இயங்கும் தனி நிரல் ஒன்று வரிசையிலிருந்து செய்தியை எடுத்து அஞ்சல் சர்வரிடம் ஒப்படைக்கும். அஞ்சல் சர்வர் படுத்துவிட்டாலும் தரவுத்தளம் பாதிக்கப்படாது. ஒரு புரொஃபைலில் பல அஞ்சல் கணக்குகளை வரிசைப்படுத்தி வைக்கலாம். முதல் கணக்கு தோற்றால் அடுத்தது முயலும். இணைப்புக் கோப்பின் இயல்பான உச்ச வரம்பு 10 லட்சம் பைட்.

அமைத்தல்

பாதுகாப்புக் கருதி, நிறுவும்போது இவ்வசதி அணைந்தே இருக்கும். ‘எஸ்பி_கன்ஃபிகர்’ என்னும் செயல்முறை வழியாகவோ அமைப்பு வழிகாட்டி வழியாகவோ இதை இயக்க வேண்டும். அடுத்து அனுப்பும் முகவரி, அஞ்சல் சர்வரின் பெயர், போர்ட் எண் (பெரும்பாலும் 25 அல்லது 587), கடவுச்சொல் ஆகியவற்றுடன் கணக்கை உருவாக்கி அதைப் புரொஃபைலில் சேர்க்க வேண்டும். பிறகு சோதனை அஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சோதனை அஞ்சல் வந்து சேரும். ஆனால் பேக்கப் தோற்ற அன்று எதுவும் வராது. குறித்த நேர வேலைகளை நடத்தும் எஸ்கியூஎல் சர்வர் ஏஜென்ட்டுக்குத் தனியாக அஞ்சல் புரொஃபைலைச் சுட்டி, ஏஜென்ட்டை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பதே காரணம். அதன்பின் பெறுநரை ‘ஆபரேட்டர்’ ஆகப் பதிந்து, ஒவ்வொரு வேலைக்கும் தோல்வி அறிவிப்பை இணைக்க வேண்டும். வெற்றிக்கும் அஞ்சல் அனுப்புவது தவறான வழக்கம். தினமும் வந்து குவியும் அஞ்சலை யாரும் திறப்பதில்லை. பெறுநர் முகவரி தனிநபருடையதாக இல்லாமல் குழு முகவரியாக இருப்பதே முறை.

எச்சரிக்கைகள்

தீவிர நிலை 17 முதல் 25 வரையிலான பிழைகளுக்கு எச்சரிக்கை அமைப்பது வழக்கம். வட்டுப் பழுதைக் காட்டும் 823, 824 ஆகிய பிழைகள் நிலை 24ஐச் சேர்ந்தவை. ஆனால் 825ஆம் பிழையின் நிலை வெறும் 10. முதல் முயற்சியில் படிக்க முடியாத பக்கம் மறுமுயற்சியில் கிடைத்தது என்பது அதன் பொருள். வட்டு கைவிடப்போகிறது என்பதற்கு அது முன்னறிகுறி. நிலையை மட்டும் வைத்து அமைத்த எச்சரிக்கையில் இது சிக்காது. எனவே 825க்குத் தனி எச்சரிக்கை அவசியம்.

இன்றைய நிலை

எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஏஜென்ட் இல்லை. அஷூர் மேகத்தில் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் சேவையில் டேட்டாபேஸ் மெயில் உண்டு.

தோற்க வேண்டுமென்றே எழுதிய ஒரு வேலையை ஓடவிட்டு, அதற்கான அஞ்சல் குழு முகவரிக்கு வந்து சேர்ந்த பிறகே அறிவிப்பு அமைப்பு முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.