ஹெரால்டு வண்டியும் அரியமங்கலத்துப் பட்டறைகளும்

திருச்சி அரியமங்கலத்தில் பட்டறைகள் வளர்ந்தது லாரிகளால். காந்தி மார்க்கெட்டுக்குப் போகும் சுமையும் அரிசி ஆலைகளின் மூட்டைகளும் தஞ்சாவூர் ரோட்டில்தான் போய் வந்தன. உய்யக்கொண்டான் பாய்ந்த வயல்களை ஒட்டி, ரோட்டோரக் கொட்டகைகளில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலைக்காரர்களும் வெல்டிங்காரர்களும் உட்கார்ந்தார்கள். லாரி பின்னால் அமுங்கிவிட்டதா? பட்டைக் கட்டைக் கழற்றி, உடைந்த பட்டையை மாற்றி, கூட ஒரு பட்டையை வைத்து யு போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. இந்த வைத்தியத்தில் கைதேர்ந்த ஊருக்குத்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி அது. உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1961இலிருந்து சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதை இங்கேயே தயாரித்தது. 948 சிசி இன்ஜின். முன்பக்க மூடியை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முன்னால் சாய்த்துவிடலாம். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அந்தச் சுகத்தை அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் நான் காணவில்லை. 1965இல் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து டவுனுக்குப் போகும் கார்கள் எங்கள் கொட்டகை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவற்றில் ஹெரால்டுகளும் இருந்தன. நான் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்த காலம் அது. தொழில் சொல்லிக்கொடுத்தவரை எல்லோரையும்போல நானும் ‘பாய்’ என்றுதான் கூப்பிட்டேன்.

ஹெரால்டுக்காரர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “வளைவுல பின்னாடி இழுத்துட்டுப் போகுது.” கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் முகம் வெளுத்துச் சொல்வார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. தனியாகப் போனபோதுதான் வண்டி அப்படிச் செய்தது, குடும்பத்தோடு போனபோது ஒழுங்காக வந்தது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். லாரிக் கணக்குத் தெரிந்தவனுக்கு இது விளங்காது. சுமை ஏறினால்தானே வண்டி தடுமாற வேண்டும்?

காரணம் அந்தப் பின் அச்சின் அமைப்பு. அம்பாசடரிலும் பியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே கட்டையான ஹவுசிங்கில் இருக்கும். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கும். அதன் இருபுறமும் தோளிலிருந்து கை ஆடுவதுபோல ஆக்சில், கிராஸ் என்று நாங்கள் சொல்லும் யுனிவர்சல் ஜாயின்டிலிருந்து மேலும் கீழும் ஆடும். ஒரே ஒரு பட்டைக் கட்டு, டிஃபரன்ஷியல் தலைமேல் குறுக்காகக் கிடக்கும். வண்டியின் உடல் மேலே எழும்பினால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கும்; தாழ்ந்தால் விரியும். வேகமாக ஒடிக்கும்போது வெளிப்பக்கச் சக்கரத்தில் விழும் தள்ளல் உடலைத் தூக்கிவிடும். ஓட்டுபவர் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் எடை முன்னே போகும், பின்பக்கம் இன்னும் எழும்பும், சக்கரம் டயரின் ஓரத்தில் நிற்கும். பிடிப்பு படிப்படியாகக் குறையாது, சட்டென்று போகும். தனி ஆள் ஓட்டும் வண்டி ஏற்கெனவே பின்னால் உயர்ந்துதான் நிற்கிறது, அதனால் அதற்குத்தான் ஆபத்து அதிகம்.

எங்கள் ஊர் வைத்தியம் கெடுதல் செய்தது இங்கேதான். பழசான ஹெரால்டின் பட்டை அமுங்கிவிட்டது என்று வந்தால், ரோட்டோரத்தில் லாரிப் பழக்கத்தில் ஒரு பட்டையைக் கூட்டிக் கட்டிவிடுவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும்; பார்க்கவும் அழகாக இருக்கும். சக்கரத்தின் கால் முன்னைவிட உள்ளே மடங்கியிருக்கும். அடுத்த மலைப்பாதையில் வால் முன்னைவிடச் சீக்கிரம் போகும்.

பாய் இதை ஏட்டில் படிக்கவில்லை. எஸ்.ஐ.டி. என்று நாங்கள் சொல்லும் சேஷசாயி தொழில்நுட்பக் கல்லூரி 1952இலிருந்து அரியமங்கலத்தில்தான் இருக்கிறது. அங்கு படித்த பையன் ஒருவன் கொட்டகைத் தரையில் கரிக்கட்டியால் படம் போட்டு விளக்கினான். பாய் உட்கார்ந்து கேட்டார். பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கி வரச்சொல்லி, பின்சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டு அளந்தார். வண்டி காலியாக ஒருமுறை, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஒருமுறை. அதிலிருந்து எங்கள் கொட்டகையில் ஒரு முறை வகுத்துக்கொண்டோம்.

“மொதல்ல காத்தப் பாருடா தம்பி, அப்புறம் ஸ்பேனரத் தொடு” என்பார். நாலு டயருக்கும் ஒரே காற்று என்பது அன்றைய வழக்கம். இந்த வண்டிக்குப் பின்னால்தான் கூட வேண்டும். அதற்கடுத்து டயரின் ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு வளைவில் ஓட்டி வரச்சொல்வார். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் புரண்டிருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் ஆட்டம் தெரியும். ரேடியஸ் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் சக்கரம் முன்னும் பின்னும் அசையும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். கிளட்ச் விடும்போது ‘டங்’கென்று கேட்டால் கிராஸ். கடைசியில்தான் பட்டை. அதிலும் கூட்டுவது கிடையாது, பழைய வளைவுக்குக் கொண்டுவருவதுதான்.

குறை எங்கள் ஊர்க்காரர்களின் கையில் மட்டும் இருந்ததாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். இதே பின்பக்கத்தை வைத்து 1962இல் ட்ரையம்ப் விட்ட ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே வாலாட்டம்தான். அமெரிக்காவில் இதே குடும்பத்து அச்சோடு வந்த கார்வேர் காருக்கு முன்னால் 15, பின்னால் 26 பவுண்டு காற்று வைக்கச் சொன்னார்கள். பலர் அதைக் கவனிக்கவில்லை. கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியதுதான். ஸ்பிட்ஃபயருக்கு மருந்து கிடைத்தது 1970இல்: பட்டைக் கட்டில் ஒரு பட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றவற்றை டிஃபரன்ஷியல் மேல் சாய்ந்தாட விட்டார்கள். வளைவில் உடல் எழும்புவது அதோடு வெகுவாகக் குறைந்தது.

வண்டலூரில் வேறு வழி எடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டை மாற்றி கெசல் என்று கொண்டுவந்தபோது, ஆடும் ஆக்சிலையே எடுத்துவிட்டுக் கட்டை ஆக்சில் போட்டார்கள். இந்திய மெக்கானிக்குகளுக்குப் பழைய அமைப்பு பிடிக்கவில்லை, அதனால்தான் மாற்றினார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். பிடிக்காதவர்கள் இருந்தது உண்மை. புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. என்னைக் கேட்டால், நம் ரோட்டுக்கும் நம் சுமைக்கும் கட்டை ஆக்சில்தான் சரி. ஆனால் காற்றிலிருந்து தொடங்கிப் பட்டையில் முடியும் அந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஹெரால்டுதான். பிற்பாடு வந்த எந்த வண்டிக்கும் அதே வரிசையில்தான் கை வைத்தேன்.

இப்போது பழைய ஹெரால்டுகளைத் தேடிப் புதுப்பிக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பின்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று பட்டையைக் கூட்டாதீர்கள். மலையேறும் முன் பின் டயரில் காற்றைப் பாருங்கள். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள்.