நாற்றம்

‘நாறு’ என்ற வினையடியில் பிறந்த பெயர். பழந்தமிழில் நறுமணத்தையும் இது குறித்தது. ஆண்டாள் கர்ப்பூரத்துக்கே இந்த வினையை ஆள்கிறார். பின்னாளில் பொருள் இழிந்து, கெட்ட வாடைக்கு மட்டும் ஆயிற்று.

திண்டுக்கல் பூச்சந்தையில் பழைய பொருள், தோல் தொழிற்சாலைப் பக்கம் இன்றைய பொருள். அங்கே மயிர் நீக்க, தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறப்போடுவார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை வாடை அதுதான். காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தங்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கே மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் உயிரோடு திரும்பாமலும் போகலாம்.

2014-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரக் குறியீட்டின் எட்டு மாசுகளில் இந்த வாயு இல்லை. தோல் பதனிடும் ஊர்களிலாவது இதைத் தனியாக அளந்தே ஆகவேண்டும்.