நெஞ்சில் தைத்த பதவி

"நீங்கதான் சரித்திரம் படிச்சவராச்சே, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். சரித்திரம் படித்துவிட்டு அவிநாசிபாளையத்தில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? பேட்ஜைப் பற்றியே எழுதுகிறேன். நம் சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ் அல்ல; சீன அரசவை அதிகாரிகளின் பட்டுப் பேட்ஜ்.

1391-ல் மிங் அரசு ஒரு விதி செய்தது. அதிகாரிகள் தம் பதவிக்குரிய சின்னத்தைச் சதுரப் பட்டில் அமைத்து மார்பிலும் முதுகிலும் அணிய வேண்டும். நிர்வாகத்தாருக்குப் பறவை, படைத்தலைவர்களுக்கு விலங்கு. பின்வந்த சிங் அரசும் 1652-ல் இதையே வகுத்தது. மொத்தம் 9 படிகள். முதல் படிக்கு நாரை. நம்மூரில் சோளக்காட்டை மேய்கிற மயில் அங்கே மூன்றாம் படி. நாம் வறுத்துத் தின்கிற காடைக்கும் எட்டாம் படியில் இடம் உண்டு!

சிங் காலத்து மேலங்கி முன்புறம் திறப்பது. ஆகவே மார்புப் பேட்ஜ் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். முதுகுப் பேட்ஜ் முழுசாக இருக்கும். பொன்தாள் சுற்றிய நூலைத் துணிக்குள் இழுத்தால் தாள் உரிந்துவிடும். அதனால் மேலே படுக்க வைத்து, மெல்லிய பட்டு நூலால் அங்கங்கே பிடித்துத் தைத்தார்கள். என்ன பொறுமை பாருங்கள்! கணவரின் படிக்குரிய பேட்ஜை மனைவியும் அணிவார். அதில் பறவை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். இருவரும் அருகருகே உட்கார்ந்தால் பறவைகள் ஒன்றையொன்று பார்க்கும்.

பதவிக்கு நேர்வழி தேர்வுதான். பல வருஷம் படித்து, தோற்று, மறுபடி எழுதி, தலை நரைத்துப் போனவர்கள் ஏராளம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில், தைப்பிங் கலகத்தை (1850–64) அடக்கச் செலவழித்துக் கஜானா காலியானபோது, அரசு பட்டங்களைத் தாராளமாக விற்றது. பினாங்கு, சிங்கப்பூர் சீன வியாபாரிகள்கூட வாங்கினார்கள். தேர்வில் ஜெயித்தவருக்கும் வெள்ளி கொடுத்தவருக்கும் ஒரே பறவை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

தையல்காரர்கள் காலத்தைப் புரிந்துகொண்டார்கள். மேகம், அலை, சூரியன் எல்லாம் தைத்த பின்னணியை ரெடிமேடாக வைத்து, பறவையைத் தனியாகச் செய்து மேலே தைத்தார்கள். நம்ம பனியன் தொழிலில் 'அப்ளிக்' என்போமே, அதுதான். பட்டம் உயர்ந்தால் பறவையை மட்டும் மாற்றினால் போதும்.

1912-ல் சிங் ஆட்சி முடிந்தது. பேட்ஜுகள் வெளிநாட்டாருக்கு விலைபோயின, சில கைப்பைகளாயின. பறவையே தைக்கப்படாமல் நடுவில் வெறுமையாக நின்றுபோன பின்னணிகளும் அவற்றில் உண்டு.