கடிகாரம் காக்கும் கதவு

அலுவலகம் ஒன்றில் புதிய கணிப்பொறி ஒன்றை நிறுவுகிறார்கள். கம்பி இணைப்பு, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் சரியே. ஆயினும், அலுவலகக் கணிப்பொறிகள் அனைத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்திருக்கும் 'டொமைன்' என்ற அமைப்பில் அதனால் சேர முடியவில்லை. காரணம் என்ன? டொமைனின் தலைமைக் கணிப்பொறியின் முகவரியை அது அறிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் சரியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது அதன் கடிகாரத்தை!

கடிகாரத்திற்கும் கதவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

கடவுச்சொல்லைக் கம்பி வழியே அனுப்பினால் இடையில் எவரும் ஒட்டுக்கேட்கலாம். ஆகவே, இரு தரப்பும் நம்பும் நடுவர் கணிப்பொறி ஒன்று இருவருக்கும் தற்காலிக ரகசியச் சாவி வழங்கும் முறையை 1978-இல் ராஜர் நீடாம், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் வெளியிட்டனர். அதில் ஒரு குறை இருப்பதை 1981-இல் டோரதி டென்னிங், ஜியோவன்னி சாக்கோ இருவரும் சுட்டிக்காட்டினர். பழைய சாவி ஒன்று திருடன் கையில் சிக்கினால், பழைய செய்தியையே மீண்டும் அனுப்பி அவன் உள்ளே நுழைந்துவிடலாம். தேதி அச்சிடாத சினிமா டிக்கெட்டை எந்த நாளும் காட்டலாம் அல்லவா? செய்தியில் நேர முத்திரை இடுவதே அவர்கள் கூறிய பரிகாரம்.

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் தொடங்கிய 'அதீனா' திட்டத்தில் இக்கருத்து உருப்பெற்றது. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாயிலைக் காக்கும் நாயின் பெயரால் அது 'கெர்பரோஸ்' எனப்பட்டது. 2000-இல் வெளிவந்த விண்டோஸ் 2000 அதன் ஐந்தாம் பதிப்பைத் தன் டொமைன்களில் ஏற்றது.

கெர்பரோசில் நேர முத்திரைக்கும் சர்வரின் கடிகாரத்திற்கும் இடையே வழக்கமாக 5 நிமிட வேறுபாடே அனுமதிக்கப்படும். அதற்குள் அதே செய்தி மறுமுறை வந்தாலும் சர்வர் அதை அடையாளம் கண்டு தள்ளிவிடும். எல்லையை மிகக் குறைத்தால் நேர்மையானவரும் வெளியே நிற்க நேரும். மிகக் கூட்டினால் திருடனுக்கு வசதி.

கடிகாரம் ஏன் பிழைபடுகிறது? கணிப்பொறிக் கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதில் பத்து லட்சத்திற்கு 20 பங்கு பிழை இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 1.7 விநாடி தவறும். திருத்தாமல் விட்டால் ஆறு மாதத்திற்குள் 5 நிமிடம் கடந்துவிடும்! சிறு மின்கலம் தீர்ந்துபோனாலோ, தேதியே பல ஆண்டுகள் பின்னே போய்விடும்.

இன்னொரு மறைவான பிழையும் உண்டு. ஒப்பீடு நடப்பது உலகப் பொது நேரத்தில். முகப்பில் இந்திய நேரம் சரியாகத் தெரிந்தாலும், நேர மண்டலம் பொது நேரத்திற்கு உரியதாக அமைந்திருந்தால் உள்ளே 5 மணி 30 நிமிடம் பிழை இருக்கும்.

எனவே மண்டலத்தைச் சரிபாருங்கள், மின்கலத்தை மாற்றுங்கள், தலைமைக் கணிப்பொறியின் நேரத்தோடு இணையுங்கள். 5 நிமிட எல்லையை மட்டும் தளர்த்தாதீர்கள். அது இயந்திரத்தின் பிடிவாதம் அன்று. உங்கள் கோப்புகளுக்கான காவல்.