ஊழியன் என்ற அரசனும் கணக்குக் கேட்ட குடிகளும்

அரசன் யாருக்கு ஊழியன்? 1740இல் பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக், மாக்கியவெல்லிக்கு எழுதிய மறுப்பு நூலில், ஆள்பவன் தன் மக்களின் முதல் ஊழியன் என்றார். பத்தாண்டுகள் கழித்து, 1750 ஜனவரியில், திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைத் திருப்படித்தானமாகப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, 'பத்மநாபதாசன்' ஆனார். ஒருவர் மக்களுக்கு ஊழியன், மற்றவர் இறைவனுக்கு. எனினும் அந்த ஊழியனிடம் கணக்குக் கேட்கும் உரிமை இரு நாட்டிலும் குடிகளுக்கு இல்லை.

ஜெர்மானியச் சிந்தனை இச்சிக்கலை மறைக்கவில்லை. ஆட்சியைப் பொதுவெளியில் விமர்சிக்கும் சுதந்திரத்தை 1784இல் வலியுறுத்திய காண்ட், 1797இல் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழும் உரிமையை மறுத்தார். 1919இல் மாக்ஸ் வெபர், நியாயமான வன்முறையின் ஏகபோக உரிமையைக் கோரி நிற்பதே அரசு என வரையறுத்தார். வன்முறை எப்போது 'நியாயமானது' என்னும் கேள்வி எஞ்சியது.

அக்கேள்வி நெய்யாற்றின்கரையில் குருதியில் எழுந்தது. பொறுப்பாட்சி கோரிய திருவிதாங்கூர் மாநில காங்கிரஸின் தலைவர் பட்டம் தாணுப்பிள்ளை 1938 ஆகஸ்டில் கைதானார். அம்மாதம் 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் திரண்ட மக்கள்மீது சமஸ்தானப் படை சுட்டது. வீரராகவன் உள்ளிட்டோர் மாண்டனர்.

பதினாறு ஆண்டுகளில் மன்னராட்சி மறைந்தது. முதலமைச்சர் இருக்கையில் அதே தாணுப்பிள்ளை. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழர் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராட்டத்தின்போது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது, பலர் உயிரிழந்தனர். பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியா, சிறையிலிருந்தபடியே, தம் கட்சியின் அந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார். பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். வாக்குப் பெற்று வந்த அரசும் மக்களைச் சுட்டால் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவர் நிலைப்பாட்டின் சாரம். கட்சி அதை ஏற்கவில்லை.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. போராட்டக்காரர் கோரிய நெய்யாற்றின்கரை வட்டமும், அதிலடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. எல்லைக் கிராமங்களின் தமிழர் புதிய மாநிலத்தின் குடிகளாயினர். எல்லைக்கோடு அவர்கள் எந்த அரசின் குடிகள் என்பதைத் தீர்த்தது. சுடும் ஆணையிட்டவரிடம் கணக்குக் கேட்பது எப்படி என்பதை அது தீர்க்கவில்லை. பிரடெரிக் விட்டுச்சென்ற இடைவெளியும் அதுவே.